ஓடைக்கு ஜுரம்

போன வாரம் டில்லியிலிருந்து என் தங்கை மகன் டெலிபோனில் கூப்பிட்டான். "மாமா, உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும்" என்றான். என்னிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. நாவல் எழுதுகிறவனிடம் என்ன யோசனை கேட்பார்கள்? வீடு கட்டுகிறவர்கள் என்ஜினீயரிடம் போகிறார்கள். பெண்ணுக்கு வரன் தேடுகிறவர்கள் ஜோசியரிடம் போகிறார்கள். ஆகவே நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வசதியாக உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் அவன் சிநேகிதர்களோடு ஹிமாசலப் பிரதேசத்துக்குப் போகிறான். அங்கே தீர்த்தன் நதியில் டிரௌட் மீன் பிடிக்கப் போகிறானாம். தூண்டில் கழி வாங்கியாகிவிட்டது. ரீல், நூல், பூட்ஸ், பை நிறையப் பைகள் வைத்துத் தைத்த சட்டை, எல்லாம் வந்துவிட்டன. ஒரு தெர்மாமீட்டர்தான் பாக்கி. பதினொரு தினுசுகளின் படங்களை எனக்கு அனுப்பியிருந்தான். ஒன்று ஹோட்டலில் இரண்டு பேர் காப்பி குடிக்கிற விலை. இன்னொன்றின் விலைக்கு, நான் உத்தியோகத்தில் சேர்ந்த காலத்தில், ஒரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கலாம்.

"எது நல்லது, மாமா? இல்லே, இது இல்லாமலேயே போகலாமா? தண்ணி ஜில்லுன்னு இருக்கான்னு கையை விட்டுப் பார்த்தாப் போதாதா?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு டெலிபோனில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனுக்கு எழுத ஆரம்பித்ததுதான் இது.

முதலில் ஒரு வாக்குமூலம். நான் திருநெல்வேலிச் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். மீனை நாக்கால் தொட்டதில்லை. பாபநாசம் படித்துறையில் காலைக் கடிக்க வரும் மீன்களுக்குப் பொரி போட்டு வளர்ந்த கை இது. அந்தக் கையில் தூண்டில் வந்ததற்கு ஆபீஸ்தான் பொறுப்பு. 1977-ல் என்னை உதகமண்டலத்துக்கு மாற்றினார்கள். மாலை ஐந்து மணிக்கு ஆபீஸை மூடினால் வெளியே மூடுபனி. வீட்டுக்கு வந்தால் இரண்டு கம்பளிக்கு அடியில் மனைவி. பேச்சுத் துணைக்குக் கிடைத்தவர் ஒரு தேயிலைத் தோட்டத்து டாக்டர். மதுரைக்காரர். உரத்த குரல், தாராளமான மனசு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பை எடுத்துக்கொண்டு அவலாஞ்சிப் பக்கம் மீன் பிடிக்கப் போவார். வேடிக்கை பார்க்கப் போன நான் மூன்றாவது ஞாயிறு அவருடைய பழைய கழியை வாங்கி வீசிக்கொண்டிருந்தேன்.

இதில் மண்புழு கிடையாது. இறகையும் பட்டு நூலையும் ஒரு சிறு கொக்கியில் சுற்றிப் பொய்ப் பூச்சி ஒன்று செய்திருப்பார்கள். அதற்குக் கனமே இல்லை. கனமெல்லாம் நூலில். கழியை முன்னும் பின்னும் அசைத்தால் நூல் தலைக்கு மேலே ஒரு பெரிய எழுத்துப் போல வளைந்து, பிறகு நீண்டு, ஓடையின் மேல் சத்தமில்லாமல் இறங்க வேண்டும். எனக்கு முதல் இரண்டு மாதம் அது பின்னாலிருந்த புதர்களில்தான் இறங்கிற்று. ஆனாலும் ஒரு நாள், எதிர்பாராமல், தண்ணீருக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல நூல் ஒரு தட்டுத் தட்டுமே, அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

அந்த மீனும் என்னைப் போல மாற்றலாகி வந்ததுதான். நீலகிரி ஓடைகளில் டிரௌட் இயற்கையாக இருந்ததில்லை. இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய பிரான்சிஸ் டே 1860-களில் கொண்டுவர முயன்று பலிக்காமல் போயிற்று. 1907-ல் எச். சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்றை ஏற்படுத்தின பிறகுதான் வேரூன்றியது. அதிலும் பிழைத்தது ரெயின்போ என்கிற ஜாதி. அதன் பூர்வீகம் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகள். பூமத்திய ரேகைக்குப் பதினோரு டிகிரி வடக்கே அது உயிரோடிருப்பதற்கு ஒரே காரணம் மலையின் உயரம். ஓடையோடு கீழே கீழே இறங்கி வந்தால் ஒரு கட்டத்தில் தண்ணீர் அதற்கு உதவாது. கண்ணுக்குத் தெரியாத வேலி ஒன்று குறுக்கே போட்டிருக்கிறது. அந்த வேலி வெயில் காலத்தில் மேலே ஏறும், குளிர் காலத்தில் கீழே இறங்கும். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

நான் பிடித்ததை விட்டுவிடுவேன். டாக்டருக்கு இது அடியோடு பிடிக்காது. "விடுவதற்கு எதற்கய்யா பிடிக்கிறீர்? கல்யாணத்துக்குப் போய் இலையில் உட்கார்ந்து, பரிமாறினதும் எழுந்து வருவது போல இருக்கிறது" என்பார். நான் சிரித்து மழுப்புவேன். கொல்லவில்லை, தின்னவில்லை, ஆகையால் பாபநாசத்துக் கணக்கில் பற்று எதுவும் விழவில்லை என்பது என் கட்சி. சைவமும் பிழைத்தது, ஞாயிற்றுக்கிழமையும் பிழைத்தது.

1978 ஏப்ரலில் ஒரு பிற்பகல், சுமார் ஒரு ராத்தல் எடையுள்ள மீன் ஒன்று எனக்கு மாட்டிற்று. அதுவரை நான் பிடித்தவற்றில் அதுதான் பெரியது. பிடிக்கத் தெரியாதவன் கையில் மீன் படும் அவஸ்தை அதிகம். இழுக்கப் பயந்து, விடவும் மனசில்லாமல், கால் மணி நேரம் அதை அங்கும் இங்கும் ஓட விட்டேன். கடைசியில் கைவலையில் எடுத்து, அந்த ரோஜா நிறப் பட்டையை ஒரு நிமிஷம் கண்ணாரப் பார்த்து, தண்ணீரில் விட்டேன். அது மெள்ள நீந்திப் போயிற்று. எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

ஒரு மணி நேரம் கழித்து மீன் துறை வாட்சர் கீழேயிருந்து வந்தார். எமரால்டு பக்கத்துப் படகர், அறுபது வயதுக்காரர். சீட்டு இருக்கிறதா என்று பார்க்க வருகிறவர், போகப் போகச் சிநேகமாகிவிட்டவர். அவர் கையில் அந்த மீன் இருந்தது. கீழே மரப்பாலத்துக் காலில் வயிறு மேலாக ஒதுங்கிக் கிடந்ததாம்.

"நீங்க விட்டதுதான், சார். வாயில காயம் பாருங்க."

"நீந்திப் போச்சே, பெரியவரே!"

"போகும் சார். போய்ச் செத்துடும். தண்ணி சுடுது இப்போ."

சுடுகிறதா? நான் கையைத் தண்ணீருக்குள் விட்டேன். தாமிரபரணியில் குளித்த கைக்கு அது பனிக்கட்டிபோல் இருந்தது. விரல் மரத்துப் போயிற்று. இதையா சுடுகிறது என்கிறார் என்று வியப்பாக இருந்தது. அவரும் கையை விட்டார். இரண்டு கையும் ஒரே தண்ணீரில்தான் இருந்தன. அவர் முகத்தில் ஒரு பதில் இருந்தது, என் முகத்தில் ஒரு பதில் இருந்தது. செத்த மீன் அவர் பக்கம்.

அன்று ராத்திரி டாக்டர் எனக்குப் பாடம் சொன்னார். டிரௌட்டுக்குத் தன் உடம்பில் சூட்டை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. தண்ணீர் என்ன சூடோ அதுவும் அதே சூடு. சென்டிகிரேடில் 10-லிருந்து 16 வரை அதற்குச் சௌக்கியமான காலம். நன்றாகத் தின்னும், நன்றாக ஓடும். 20-ஐத் தாண்டினால் திணறல். 25-ஐ நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. காரணம் பிராணவாயு. கடல் மட்டத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 10 டிகிரியில் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் சுமார் 9 மில்லிகிராம்தான். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் உஷ்ணம் ஏற ஏற மீனின் உடம்புக்கு மூச்சு அதிகமாக வேண்டும். வரவு குறைந்துகொண்டே போகிறபோது செலவு ஏறிக்கொண்டே போனால் குடும்பம் என்ன ஆகும் என்று ஒரு குமாஸ்தாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிலைமையில் அதைத் தூண்டிலில் மாட்டிக் கால் மணி நேரம் ஓட விட்டால், கடன்காரனையும் வாசலில் கொண்டுவந்து நிறுத்தின மாதிரி. விட்டதும் நீந்திப் போகும். மானத்துக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு மூலையில் போய்ச் சாகும்.

"தின்றிருந்தால் யாருக்காவது பிரயோஜனமாகியிருக்கும். நீர் விட்டுக் கொன்றீர்" என்றார் டாக்டர். அவர் வழக்கம்போல உரத்துச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

ஆகவே தெர்மாமீட்டர் வேண்டியிருந்தது. எதற்கு என்று இப்போது தெரிகிறதல்லவா? மீன் எங்கே கடிக்கும் என்று கண்டுபிடிக்க அதை வாங்குகிறவர்கள் உண்டு. எனக்கு வேண்டியிருந்தது, 'இன்றைக்குப் பிடிக்காதே, வீட்டுக்குப் போ' என்று சொல்கிற ஒரு சாமான்.

அடுத்த ஞாயிறு வீட்டு அலமாரியிலிருந்த ஜுர தெர்மாமீட்டரை எடுத்துப் போனேன். உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அன்று வரவில்லை. அதை உதறி, ஓடையில் ஐந்து நிமிஷம் வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். பாதரசம் அடியை விட்டு அசையவே இல்லை. அதில் எண்கள் தொடங்குவதே 35-ல். மனிதன் பிழைத்திருக்கும் உஷ்ணங்களைத் தவிர வேறு உஷ்ணம் உலகத்தில் இல்லை என்பது அதன் அபிப்பிராயம். பின்னால் வாட்சர் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"என்ன சார், ஓடைக்கு ஜுரமா?"

பிறகு ஒரு கல்லூரி ஆசிரியரிடமிருந்து சோதனைச்சாலைத் தெர்மாமீட்டர் ஒன்றை இரவல் வாங்கினேன். பாதரசம், ஒரு முழ நீளக் கண்ணாடிக் குச்சி, உறைநிலைக்குக் கீழே 10-லிருந்து 110 வரை. அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, என் மனைவியின் காப்பி வெந்நீரில் அதை விட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பாதரசம் 92-க்கும் 93-க்கும் நடுவில் ஏறி நின்றுவிட்டது. கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரி என்பது பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தெரியும். ஏழு டிகிரி தப்பாகக் காட்டுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், இது உதகமண்டலம். 2,240 மீட்டர். இங்கே தண்ணீர் கொதிப்பதே அவ்வளவில்தான்" என்றார். பருப்பு வேகவில்லை என்று என் மனைவி ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததன் சாஸ்திரம் எனக்கு அன்று விளங்கிற்று. மலையில் இருப்பவர்கள் வெந்நீரை வைத்துத் தெர்மாமீட்டரைச் சோதிக்க வேண்டாம். ஐஸைத் தூளாக்கி ஒரு டம்ளரில் நிரப்பி, இடைவெளி அடைபடும் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஐந்து நிமிஷம் வைத்தால் எந்த ஊரிலும் பூஜ்யம் காட்ட வேண்டும்.

அந்தக் குச்சி சத்தியசந்தன். ஆனால் நூற்றிருபது டிகிரியையும் ஒரு முழத்துக்குள் அடைத்திருந்ததால் கோடுகள் எறும்பு வரிசைபோல நெருங்கியிருந்தன. எனக்கு வேண்டிய 10-க்கும் 20-க்கும் இடையே மூன்று விரற்கடை இடந்தான். ஆறாவது வாரம் பாறையில் சறுக்கினேன். குச்சி உடைந்தது. பாதரசம் ஓடைக்குள் சின்னச் சின்ன வெள்ளி மணிகளாக உருண்டு கூழாங்கற்களுக்கு அடியில் புகுந்துகொண்டது. ஒரு தபால் கார்டை வைத்துக்கொண்டு அள்ளப் பார்த்தேன். அள்ள அள்ள அது இன்னும் சிறிதாகப் பிரிந்து ஓடிற்று.

பாதரசம் தண்ணீருக்கடியில் வேறு ரூபமாக மாறி, மீனின் உடம்பில் சேர்ந்து, மீனைத் தின்றவர்களையும் கெடுக்கும் என்பதை ஜப்பானில் மினமாட்டா என்னும் ஊர் 1956-லிருந்து உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த ஊர்ப் பெயரிலேயே 2013-ல் ஒரு சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டு, பாதரசத் தெர்மாமீட்டர் செய்வதையே 2020-க்குப் பிறகு நிறுத்தச் சொன்னார்கள். நம் கொடைக்கானல் மலையிலேயே இருந்த ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசக் கழிவால் 2001-ல் மூடப்பட்டது. ஜுரம் பார்க்கிற குச்சி மலைக்கே நோயாகி முடிந்த கதை அது. என் பங்குக்கு நானும் ஒரு சிட்டிகை செய்திருக்கிறேன். யாராவது தாத்தா காலத்துப் பாதரசக் குச்சியைக் கொடுத்தால், மருமகப்பிள்ளை, வாங்காதே.

அந்த வருஷம் லீவில் சென்னைக்குப் போனபோது, பிராட்வே பக்கம் விஞ்ஞானக் கருவிகள் விற்கும் கடை ஒன்றில் நுழைந்தேன். டாக்டர் தம் மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்: சிவப்புச் சாராயம், எண் 50-க்கு மேல் வேண்டாம், உலோக உறை, ஐஸில் பார்த்து வாங்கவும்.

"எதுக்கு சார்? பாலுக்கா, போட்டோவுக்கா, இன்குபேட்டருக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஓடைக்கு."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, வியாபாரிக்கே உரிய நிதானத்தோடு, மூன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று மரச்சட்டத்தில் பதித்தது, சுவரில் மாட்டுவது. சட்டம் ஊறினால் எண்களெல்லாம் மிதந்து போகும் என்று எனக்கே தெரிந்தது. இரண்டாவது, போட்டோ பிலிம் கழுவுகிறவர்கள் வைத்திருப்பது. கடிகாரம் போல வட்ட முகம், கீழே ஒரு எஃகுக் காம்பு. அதன் முகத்தில் பாரன்ஹீட் 68-ல் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 68 என்றால் சென்டிகிரேடில் 20. பிலிம் கழுவும் மருந்து அந்த உஷ்ணத்தில் இருக்க வேண்டுமாம். டிரௌட்டுக்குக் கதவு மூடுகிற இடமும் அதுவே. எனக்காகவே கோடு போட்டாற்போல் இருந்தது. அதையே கட்டச் சொல்ல இருந்தேன். அதற்குள் கடைப் பையன் அதை எடுத்துக் கொடுக்கும்போது கை தவறிவிட்டது. ஒன்றும் உடையவில்லை. "ஸ்டீல் சார், ஒண்ணும் ஆவாது" என்றான். டாக்டரின் சீட்டு ஞாபகம் வரவே, பக்கத்து சோடாக் கடையிலிருந்து ஐஸ் வரவழைத்துப் பார்த்தோம். பூஜ்யம் காட்ட வேண்டியது மூன்றில் நின்றது. இந்த வட்ட முகத்துக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் விரியும், அதில் முள் திரும்பும். அதிர்ச்சி பட்டால் முள் இடம் மாறிவிடும். பின்னால் ஒரு மரை இருக்கிறது, திருப்பிச் சரிப்படுத்தலாம். ஆனால் உடைந்தால் உடைந்தேன் என்று சொல்லிவிடுகிற கண்ணாடி பரவாயில்லை. தப்பாகிவிட்ட பிறகும் அதே களையான முகத்தோடு பொய் சொல்கிறதே, அதுதான் எனக்குப் பயமாயிருந்தது. ஆபீஸில் அப்படிப்பட்டவர்களோடு பழகியிருக்கிறேன்.

மூன்றாவதை வாங்கினேன். பேனா நீளத்தில் ஒரு பித்தளைக் குழாய், பக்கவாட்டில் ஜன்னல் வெட்டி, உள்ளே கண்ணாடிக் குழல், சிவப்புச் சாராயம். ஒரு பக்கம் சென்டிகிரேடு, மறு பக்கம் பாரன்ஹீட். எண்கள் 50-ல் முடிந்துவிட்டதால் ஒவ்வொரு டிகிரிக்கும் தாராளமாக இடம். அடியில் துளைகள், தண்ணீர் உள்ளே வந்து போகும். தலையில் ஒரு வளையம், கயிறு கட்டுவதற்கு. ஐஸில் அரை டிகிரிதான் தள்ளி நின்றது. அது போதும். மீன் அரை டிகிரிக்கு வழக்காடுவதில்லை.

அதற்கும் ஒரு குணக்கேடு உண்டு. சென்னை வெயிலில் ரெயில் பெட்டியில் ஆடி ஆடி வந்ததில், சிவப்பு நூல் நடுவில் அறுந்து, மேலே ஒரு துண்டும் கீழே ஒரு துண்டுமாக நின்றது. மேல்துண்டைப் பார்த்துப் படித்தால் ஓடை கொதிக்கிறது. கீழ்த்துண்டைப் பார்த்தால் உறைகிறது. ஐஸும் உப்பும் கலந்த பாத்திரத்தில் நிறுத்தி, சாராயம் முழுவதும் அடிக்குமிழுக்குள் சுருங்கி இறங்கும் வரை காத்திருந்து, பிறகு மெள்ளச் சூடேற விட்டால் நூல் சேர்ந்துவிடும். வெளியூர்ப் பிரயாணத்துக்குப் பிறகு இதை முதலில் பார்க்க வேண்டும்.

மருமகன் அனுப்பிய படங்களில் மற்ற தினுசுகளைப் பற்றி இரண்டே வார்த்தை. பாட்டரி போட்ட, எண் ஒளிர்கிற கம்பி நல்ல சாமான்தான். சில விநாடியில் சொல்லிவிடும். என் வயசுக் கண்ணுக்குச் சௌகரியம். உள்ளே தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும். மாற்றுப் பாட்டரி சட்டைப் பையில் இருக்க வேண்டும். துப்பாக்கி மாதிரி நீட்டி விசையை அழுத்துகிறது ஒன்று வந்திருக்கிறதே, அது வேண்டாம். அது தண்ணீரின் மேல்தோலை மட்டும் பார்த்துச் சொல்லும். மீன் குடியிருப்பது மேல்தோலில் அல்ல.

எதை வாங்கினாலும் பார்க்கிற விதம் ஒன்றுதான். கரையோரம் தேங்கி வெயில் காய்கிற தண்ணீரில் வைக்காதே; ஓட்டத்தில், முழங்கால் ஆழத்தில், உன் உடம்பின் நிழல் விழுகிற இடத்தில் வை. கண்ணாடிக் குழல் என்றால் இரண்டு நிமிஷம் பொறு. படிக்கும்போது குமிழ் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே எடுத்தால் சிவப்பு நூல் அந்த க்ஷணமே நடக்க ஆரம்பித்துவிடும். காலையில் ஒருமுறை பார்த்தது நாள் முழுவதற்கும் ஆகாது. விடியற்காலையில் 13 இருந்த ஓடை சாயங்காலம் நாலு மணிக்கு 20 ஆகியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

1979 மே மாதத்தில் ஒரு நாளைச் சொல்கிறேன். மழை இன்னும் வரவில்லை. ஓடை இளைத்து, கற்களின் முதுகெலும்பு தெரிந்தது. காலை முழுவதும் ஒரு மீனும் கண்ணில் படவில்லை. பகல் மூன்று மணிக்கு ஒரு வளைவில் இறங்கிப் பார்த்தேன்; 21. அந்தக் கரையிலேயே பத்தடி தள்ளி, பாறை இடுக்கிலிருந்து ஒரு ஊற்று கசிந்து ஓடையில் கலந்தது. விளையாட்டாகக் குழாயை அங்கே விட்டேன். நூல் இறங்கிக்கொண்டே போய் 16-ல் நின்றது. கண்ணைத் தண்ணீரின் பளபளப்புக்குப் பழக்கிக்கொண்டு உற்றுப் பார்த்தேன். அந்த ஊற்றின் வாயில், ஒரு ஜமுக்காளம் விரிக்கிற இடத்தில், ஏழு மீன்கள். தலையை ஊற்றுப் பக்கம் வைத்து, வரிசையாக, ரேஷன் கடை வாசலில் நிற்பது போல. ஒன்று பெரியது. மரப்பாலத்தில் ஒதுங்கினதைப் போல இரண்டு மடங்கு.

காலையிலிருந்து நான் தேடினதெல்லாம் அங்கே இருந்தது. பதினைந்து அடி தூரம். புதரும் இல்லை. அந்த வீச்சு எனக்கே வரும். தெர்மாமீட்டர்தான் எனக்கு அந்த இடத்தைக் காட்டிற்று. அது இல்லாவிட்டால் கடந்து போயிருப்பேன். அதே தெர்மாமீட்டர், பத்தடி தள்ளி, 21 என்றும் சொல்லியிருந்தது. மாட்டினால் அந்த மீன் ஊற்றை விட்டு நடு ஓடைக்குத்தான் ஓடும். ஓடி முடித்து வந்தால் மூச்சு இருக்காது.

கொக்கியைக் கழியின் வளையத்திலிருந்து கழற்றினேன். இதை மறைப்பதில் அர்த்தமில்லை. நூலையும் உருவி விட்டேன். ஒரு தரம் காற்றில் வீசியும் பார்த்தேன். அப்படி அழகாக நூல் நீண்டது அந்த மூன்று வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான். இன்னொரு தரம் வீசினேன். மூன்றாவது வீச்சில் பூச்சியை இறக்க வேண்டும்.

"இன்னிக்கு எவ்வளவு சார் ஜுரம்?"

வாட்சர் மேலே பாதையில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. ஜுரம் என்றால் அவருக்குப் பாரன்ஹீட்தான். குழாயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுபது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்போ வாங்க சார். டீ போட்டிருக்கேன்."

நூலைச் சுற்ற வெகு நேரம் ஆயிற்று. அவருடைய கொட்டகையில் தகர டம்ளரில் டீ குடித்தோம். அந்த ஏழு மீன்களையும் அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஏப்ரல் கடைசியிலிருந்து அங்கேதான் நிற்கின்றனவாம். டாக்டரிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம் என்றார். நானும் சொல்லவில்லை. ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷக் கடைசியில் எனக்கு மறுபடியும் மாற்றல் வந்துவிட்டது.

மருமகனுக்குப் புதிது வாங்க வேண்டாம், அந்தப் பித்தளைக் குழாயையே அனுப்பிவிடலாம் என்று நேற்று மேஜை டிராயரைத் துழாவினேன். கிடைத்தது. கயிறு இற்றுப் போயிருக்கிறது. சிவப்பு நூல் மூன்று இடத்தில் அறுந்து நிற்கிறது. ஐஸும் ஒரு கைப்பிடி உப்பும் வேண்டும் என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்திருக்கிறேன். எதற்கு என்று இன்னும் கேள்வி வரவில்லை.